போர்ஷன் முடித்த பெருந்தகைக்கு

அனுப்புநர்: ஸ்டார் பேட்ச் மாணவி ஒருத்தியின் தாய் (ரேங்க் பட்டியலில் கீழிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும்).

பெறுநர்: உயர்திரு தாளாளர் அவர்கள், ஊரில் பாதி ஃப்ளெக்ஸ் பலகைகளுக்குச் சொந்தமான மேல்நிலைப் பள்ளி.

பொருள்: பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைத் தீபாவளிக்கு முன்பே முடித்தமைக்குப் பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தாங்கள் இட்ட செய்தி, ராக்கெட் படங்களுடன்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கணங்களில் தொடங்கி நிகழ்தகவில் முடியும் பன்னிரண்டு அத்தியாயங்களையும் ஐப்பசிக்குள் முடித்துவிட்டீர்கள். பந்தியில் எல்லா இலைக்கும் பரிமாறியாயிற்று, இலைகளையும் எடுத்தாயிற்று. யாராவது சாப்பிட்டார்களா என்பது பரிமாறுகிறவர் கவலைப்பட வேண்டிய விஷயமல்ல என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

தங்கள் வகுப்பின் வேகம் எப்படிச் சாத்தியமாகிறது என்று நெடுநாள் வியந்திருக்கிறேன். மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆசிரியர் ஒரு கணக்கைப் போர்டில் போடுவார். "புரிஞ்சவங்க கை தூக்குங்க" என்பார். முதல் பெஞ்சில் சில கைகள் எழும். உடனே அடுத்த கணக்கு. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் கோடை விடுமுறையிலேயே வெளியே ட்யூஷனில் இதே பாடத்தை முடித்துவிட்டு வந்தவர்கள். தாங்கள் நடத்துவது அவர்களுக்கு ரிவிஷன், என் மகளுக்குத்தான் முதல் அறிமுகம். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குக் கற்பிப்பதில் கிடைக்கும் வேகம் வேறு எதிலும் கிடைக்காது. இதைக் கண்டுபிடித்த தங்களுக்கு எந்த விருதும் தகும்.

சந்தேகம் கேட்க வழியே இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அபாண்டம். டவுட் கிளியரிங் நேரம் மாலை 4.30 முதல் 4.45 வரை என்று நோட்டீஸ் போர்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. பள்ளி வேன் 4.35க்குக் கிளம்புவது தற்செயல். வேனை விட்டுவிட்டால் அதே பாடத்துக்கு மாலை ட்யூஷன் இருக்கிறது. அங்கே எல்லாம் நிதானமாகச் சொல்லித் தருகிறார்களாம். பகலில் வேகத்துக்கு ஒரு கட்டணம், மாலையில் நிதானத்துக்கு ஒரு கட்டணம்.

அரசுகள்தான் தங்கள் அருமையை அறியவில்லை. பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துகின்றன என்று சொல்லி, 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதைக் கைவிட்டபோது தங்கள் அலுவலகத்தில் லட்டு கொடுத்ததாகக் கேள்வி. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகமும் தன் பங்குக்கு, பயிற்சி மையங்கள் 16 வயது நிரம்பாதவர்களைச் சேர்க்கக்கூடாது, ரேங்க் நிச்சயம் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்லவேளை, தாங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நடத்துவது பயிற்சி மையம் இல்லை. பள்ளிக்கூடம். சீருடைகூட இருக்கிறது.

அந்த ஒன்பதாம் வகுப்பைப் பற்றித்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சென்ற ஞாயிறு மகளின் நோட்டைப் புரட்டினேன். கால்குலஸ் கணக்கு ஒன்று. நடுவே √(x²+9) வருகிறது. அடுத்த வரியில் x+3 என்று எழுதியிருந்தாள். அதன்பின் வந்த வரிகளில் ஒரு குற்றமும் இல்லை. விடை மட்டும் தப்பு.

"இது ரெண்டும் ஒண்ணுதானான்னு ஏதாவது நம்பர் போட்டுப் பாரேன்" என்றேன். பூஜ்யம் போட்டாள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கமும் மூன்று. "சரியாத்தானேம்மா வருது!" என்று என்னைப் பார்த்தாள். இன்னொரு எண் போடச் சொன்னேன். நான்கு போட்டாள். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஏழு. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே x+3ஐ வர்க்கப்படுத்தினாள். 6x என்று ஒரு உறுப்பு நடுவில் வந்து நின்றது. "அடச்சே, x பூஜ்யமா இருந்தா இது காணாமப் போயிடும். அதான் அப்போ சரியா வந்துச்சு!" என்றாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

ஜே.இ.இ. மெயின் தேர்வில் 180 நிமிடத்தில் 75 கேள்விகள். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி. அந்தக் கணக்கில் அரை மணி நேரத்தில் பன்னிரண்டு கேள்விகளைக் கடந்திருக்க வேண்டியவள், ஒரே ஒரு வர்க்கமூலத்தில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிக்கவும்.

(a+b)² ஒன்பதாம் வகுப்புக்குள் கைவசமாகியிருக்க வேண்டிய விஷயம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஒன்பதில் தாங்கள் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் பதினொன்றாம் வகுப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். இப்போது பதினொன்றில் நான் அவளுக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடம் நடத்துகிறேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிட்டது.

தங்கள் ஸ்லிப் டெஸ்ட்டின் ஓ.எம்.ஆர். தாளில் இந்தப் பிழை தெரிய வாய்ப்பே இல்லை. வட்டம் தப்பு, மைனஸ் ஒன்று, அவ்வளவுதான். எந்த வரியில் சறுக்கினாள் என்று அதற்குத் தெரியாது. சறுக்குவது இவள் மட்டுமல்ல. கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸ் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தோடு ஏழு ஆண்டு மல்லுக்கட்டி, 1993இல் கேம்பிரிட்ஜில் நிரூபணத்தை அறிவித்தார். பிறகு அதில் ஓட்டை இருப்பது தெரிந்தது. அடைக்க மேலும் ஓராண்டுக்கு மேல் பிடித்தது. 1995இல் அச்சேறியது. தங்கள் பள்ளியில் படித்திருந்தால் 1993லேயே மைனஸ் ஒன்று போட்டு, பி பேட்ச்சுக்கு அனுப்பி, காலத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம். தன்னை மெதுவாகச் சிந்திப்பவள் என்றே சொல்லிக்கொண்ட மரியம் மிர்சாகானியையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம். ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண் என்று 2014இல் உலகமே கொண்டாடியது. போர்ஷனை எப்போது முடித்தார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

என் மகள் வைல்ஸும் இல்லை, மிர்சாகானியும் இல்லை. கணக்கு பிடிக்கும், ஆனால் நேரம் எடுக்கும். பி.டி.எம். அன்று தங்கள் ஒருங்கிணைப்பாளர் அவளை வைத்துக்கொண்டே "இவளுக்கு மேத்ஸ் செட் ஆகாது" என்றார். ஆகவே பணிவான சில கோரிக்கைகள்:

1. வாரத்துக்கு ஒரு தேர்வையாவது வெள்ளைத்தாளில், ஸ்டெப் எழுத வைத்து நடத்தவும். தப்பு நடந்த வரியில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டால் போதும். மார்க் வேண்டாம்.

2. "புரிஞ்சவங்க கை தூக்குங்க" என்பதற்குப் பதிலாக, கை தூக்காத ஒருவரைப் போர்டுக்கு அழைத்து, அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கவும். திட்டாமல்.

3. டவுட் நேரத்தை வேன் கிளம்புவதற்கு முன் வைக்கவும். அல்லது வேனை 4.50க்கு எடுக்கவும். டிரைவர் அண்ணனிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம்.

4. ஒரு பிள்ளை பேட்ச் மாறினால் அதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் சொல்லவும். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

மூன்றாம் தவணைக் கட்டணத்துக்கான காசோலையை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் வேகத்துக்கு எவ்வளவு, கற்பித்தலுக்கு எவ்வளவு என்று ரசீதில் தனித்தனியாகப் போட்டுத் தந்தால் வீட்டுக் கணக்கு எழுத வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸ்டார் பேட்ச் தாய்