எரிந்ததா, எரித்தேனா: அமானுட மேற்கின் ஆட்டக்காரர் வாய்மொழிகளில் தன்வினை ஆட்சி

1. நோக்கம்

‘வியர்ட் வெஸ்ட்’ என்னும் கணினி விளையாட்டை ஆடியவர்கள் அதைப் பற்றிக் கூறும் அனுபவ வாய்மொழிகளைத் திரட்டி, பகுத்து, தொகுத்து, மீண்டும் பகுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். இப்பொருளில் இதற்கு முன் ஆய்வு எதுவும் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை. யாருக்கும் தேவைப்படாதது காரணமாகலாம். எனினும் அது ‘ஆய்வு இடைவெளி’ எனக் கொள்ளப்பட்டது.

கருதுகோள்: ஆட்டக்காரர்கள் தாம் செய்ததையே சொல்வர். (இது ஐந்தாம் பகுதியில் செத்துப்போகும். கருதுகோள் இல்லாத கட்டுரையைக் கருத்தரங்கில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அதுவரை உயிரோடு வைக்கப்பட்டுள்ளது.)

2. தகவலாளர்கள்

மூவர். தகவலாளர் 1, கட்டுரையாளரின் மைத்துனர். தகவலாளர் 2, கட்டுரையாளர். தகவலாளர் 3, இரவு பதினொரு மணிக்கு மேற்பட்ட கட்டுரையாளர். இவருடைய மொழிநடையும் குறிபார்க்கும் திறனும் தகவலாளர் 2-இலிருந்து பெரிதும் வேறுபடுவதால் தனி ஆளாகக் கொள்ளப்பட்டார். ஆய்வு நடந்த அறையைக் கட்டுரையாளரின் மனைவி இருமுறை கடந்து சென்றார். அவர் கூறியவை ஆய்வு எல்லைக்கு வெளியே அமைகின்றன.

3. முன்னாய்வும் பனுவலும்

கௌபாய் கதைக்குள் பேய் புகுந்தது புதிதன்று. ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1932-இலேயே டெக்சாஸ் மண்மேட்டுக்குள்ளிருந்து இரத்தக்காட்டேரியைக் கிளப்பிவிட்டார். படக்கதையில் ஜோனா ஹெக்ஸ் 1972-இல் முகத்தழும்போடு வந்து சேர்ந்தார். பகடை உருட்டி ஆடும் ‘டெட்லேண்ட்ஸ்’ 1996-இல் வெளிவந்தது. இவை அனைத்தையும் கட்டுரையாளர் படித்து முடித்தார் எனக் கொள்க.

நம் பனுவல் 2022 மார்ச் 31 அன்று வெளியானது. ஆக்கியது வுல்ஃப்ஐ ஸ்டுடியோஸ். அதை நிறுவிய இருவருள் ஒருவரான ரஃபாயெல் கொலாந்தோனியோ, முன்பு ஆர்க்கேன் நிறுவனத்தைத் தொடங்கி ‘டிஸ்ஆனர்ட்’, ‘பிரே’ போன்ற ஆட்டங்களைத் தந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்தக் கூட்டத்தின் கொள்கை எளியது: தீ என்றால் எரியும், எண்ணெய் என்றால் சிந்தும், தண்ணீர் என்றால் மின்சாரம் பாயும், நடுவில் நிற்பது உங்கள் விருப்பம்.

நாயகர் ஐவர்: பரிசுவேட்டைக்காரி ஜேன் பெல், பன்றிமனிதன், பழங்குடிக் காப்பாளன், ஓநாய்மனிதன், கனவு காணும் மறைஞானி. ஆடுபவர் இவர்களில் யாருமல்லர். கழுத்தில் சூடு போட்ட குறியோடு உடம்பு விட்டு உடம்பு தாவும் ஓர் உணர்வு மட்டுமே. இதை நினைவில் கொள்க. ஆறாம் பகுதியில் இது குற்றவாளிகளுக்குப் பெரிதும் உதவும்.

4. வாய்மொழிகளின் வகை

அ. மேலிருந்து பார்க்கும் கேமராவைக் குறை சொல்வன: பல.

ஆ. கரகரத்த குரலில் கதை சொல்பவரைப் புகழ்வன: சில.

இ. சுமைப்பை நிறைந்துவிட்டது எனப் புலம்புவன: எல்லாம். ஜேன் பெல்லின் மகனைக் கொன்று கணவனைக் கடத்திச் சென்ற இரவிலும், முதலில் அலமாரியைத் திறந்து பார்த்த பிறகே துக்கம் அனுசரிக்கப்பட்டது.

ஈ. ஐந்து நாயகர் ஐந்திணைக்குரியர் என நிறுவுவன: ஒன்று. அது கட்டுரையாளருடையது. கண்ணுக்கு எட்டிய தொலைவு முழுதும் பாலையாகவே இருந்தது இடையூறாயிற்று. சதுப்பு நிலம் மருதம் ஆக்கப்பட்டது. நான்கு மரங்கள் முல்லை ஆயின. ஒரு மேடு குறிஞ்சி என்று ஒப்புக்கொண்டது. நெய்தலுக்கு மட்டும் கடல் அகப்படவில்லை. பொழுது விடிவதற்குள் ஒரு தண்ணீர்ப் பீப்பாய் நெய்தலாக அறிவிக்கப்பட்டது. இதைவிடக் குறைந்த தண்ணீரில் திணை நட்டவர்களுக்கு நம் துறையில் பட்டமே கிடைத்திருக்கிறது என்பதால் தயக்கம் எழவில்லை.

உ. ‘ஊர் எரிந்த கதை.’ இதுவே கட்டுரையின் உயிர்நிலை.

5. தன்வினை ஆட்சி

இவ்விளையாட்டை ஆடிய எவரிடமும் ஓர் ஊர் எரிந்த கதை உண்டு. கதையின் சட்டகம் மாறுவதில்லை. ஒருவனைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வழியில் ஒரு விளக்கு, அருகில் எண்ணெய்ப் பீப்பாய், அதன் கீழே காய்ந்த புல். அப்புறம் ஷெரீப், ஊர்க்காரர், கூலிக்கு வந்த கூட்டாளிகள் இருவர், குதிரை என எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். யாரோ ஒருவர் எரிந்துகொண்டே ஓடுகிறார்.

மொழியியல் நோக்கில் முதலில் ‘ஊர் எரிந்தது’ என்னும் தொடரைத் தீர்க்க வேண்டும். எரிந்தது புல்லும் பீப்பாயும் ஆளும். எனவே ‘ஊர்’ இங்கே இடவாகுபெயர். ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ளோர் சிரித்தார்கள். ஊர் எரிந்தது என்றால் ஊரிலுள்ளோர் என்ன ஆனார்கள் என்பதை இலக்கணம் மென்மையாகச் சொல்லிவிடுகிறது.

இனி வினை. தகவலாளர் 1-இன் கூற்று வருமாறு:

“நான் ஒண்ணும் பண்ணல மாமா. சும்மா நின்னேன். அதுவா பத்திக்கிச்சு.” (மைத்துனர், வாய்மொழி.)

‘பற்றிக்கொண்டது.’ தன்வினை. ‘கொள்’ என்னும் துணைவினை, அத்தீ தனக்காகத் தானே விரும்பிப் பற்றியது என்பதை உணர்த்துகிறது. விளக்கு கைதவறியதா, எறியப்பட்டதா என்று வினவியபோது:

“விளக்கு விழுந்துருச்சு. விழுந்த எடத்துல பீப்பா இருந்துச்சு.” (மைத்துனர், வாய்மொழி, சோபாவின் இடது மூலை.)

‘விழுந்துவிட்டது.’ விளக்கு, ஆறடி தொலைவு, பக்கவாட்டில் விழுந்துவிட்டது. நியூட்டன் பற்றித் தகவலாளருக்கு நினைவூட்டப்பட்டது. பயனில்லை. கூட்டாளிகள் இருவர் என்ன ஆனார்கள் என்ற வினாவுக்கு:

“அவனுங்களா உள்ள போயிட்டானுங்க.” (மைத்துனர், வாய்மொழி, சோபாவின் இடது மூலை, கையில் முறுக்கு. ‘முறுக்கைக் கடித்தபடி’ என்பது வேறு பாடம். ‘முறுக்கை மறைத்தபடி’ என்பது கட்டுரையாளரின் மனைவி வழங்கும் பாடம். அதற்குச் சான்று வலுவாக உள்ளது.)

களவும் இம்மரபிலேயே நடக்கிறது. யாரும் எதையும் திருடுவதில்லை. ‘கிடைத்தது’. பூட்டிய அறையின் பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து கிடைத்தது. இதற்கு மாறாக, அதே தகவலாளர் கொள்ளைக்கூட்டத்திடமிருந்து ஓர் ஆளை மீட்டபோது வினை திடீரென்று நிமிர்ந்து உட்கார்கிறது: “நான்தான் காப்பாத்துனேன்.” ‘நான்தான்’ என்னும் தேற்றேகாரமற்ற தேற்றம் கவனிக்கத்தக்கது. ஆட்டத்தில் இப்படி மீட்கப்பட்டவர் வாழ்நாள் நண்பராகி, பின்னொரு சண்டையில் எங்கிருந்தோ வந்து துணைநிற்பார். தப்பவிட்ட பகைவன் வஞ்சம் வைத்துத் தேடி வருவான். முன்னவர் வந்தால் ‘என்னால் வந்தார்’. பின்னவன் வந்தால் ‘வந்துட்டான்’.

இவற்றைத் தொகுத்து ஒரு நூற்பா யாக்கப்பட்டது:

ஆக்கம் பிறவினை அழிவு தன்வினை
ஆட்டக் காரர் கூற்றினுள் என்ப.

உரை: ‘என்ப’ என்றது முன்னோர் சொல்வர் என்றவாறு. எந்த முன்னோர் எனின், இல்லை. இல்லாத முன்னோர் மீது பாரத்தைப் போடுவதும் விளக்கு தானே விழுந்தது என்பதும் ஓரினம் என்க.

‘எரிந்தது’ என்பதைத் தன்வினை என்பதா, செயப்படுபொருள் குன்றிய வினை என்பதா என்று ஒரு பெரும் பூசல் உண்டு. அது தமிழ்த்துறை மாடிப்படியில் தொடங்கினால் தேநீர்க்கடை மூடும்வரை நீளும். அதற்குள் எரிய வேண்டியது எரிந்து முடிந்திருக்கும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆய்வேடுகளில் எல்லாம் ‘கண்டறியப்பட்டது’ என்று வருகிறது. கண்டறிந்தவர் யார்? தெரியாது. ‘எடுத்தாளப்பட்டுள்ளது’ என்று வருகிறது. எங்கிருந்து? அதைவிடத் தெரியாது. ‘எரிந்துவிட்டது’ என்னும் ஆட்டக்காரருக்கும் ‘எடுத்தாளப்பட்டுள்ளது’ என்னும் ஆய்வாளருக்கும் வேறுபாடு ஒன்றே: முன்னவரைப் பிடிக்க ஷெரீப் வருவார்.

6. எழுவாய்ச் சிக்கல்

தகவலாளர் 2-இடம் இதே வினா வைக்கப்பட்டது. படித்தவர் என்பதால் அவர் வினையில் கைவைக்கவில்லை. எழுவாயில் கைவைத்தார்.

“எரித்தது நானன்று. ஜேன் பெல். நான் அவள் உடம்பில் தற்காலிகமாகத் தங்கியிருந்த உணர்வு மட்டுமே.” (கட்டுரையாளர், கட்டுரையாளருக்கு அளித்த நேர்காணல், பிற்பகல், காப்பி ஆறியபின்.)

பனுவல் இதற்கு முழு ஆதரவு தருகிறது. தன்மை எது, படர்க்கை எது என்று ஆட்டமே குழம்பிக் கிடக்கிறது. வாடகைக்குக் குடியிருந்தவர் சுவரில் ஆணி அடித்தால் கேள்வி வீட்டுக்காரரிடமா, குடித்தனக்காரரிடமா?

7. பாடபேதம்

இதுவரை தொகுத்த சான்றுகள் அனைத்தையும் ஒரு பொத்தான் கெடுக்கிறது. எந்நேரமும் சேமிக்கலாம், எந்நேரமும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அறிஞர் இதை ‘மீள்நிலை ஏற்றம்’ எனக் கூறக்கூடும். மக்கள் ‘லோட் பண்றது’ என்பர். ஊர் எரிந்தது, லோட் பண்ணப்பட்டது, ஊர் எரியவில்லை. குதிரை செத்தது, லோட், குதிரை மேய்கிறது.

இதனால் ஒவ்வொரு வாய்மொழிக்கும் பல பிரதிகள் உள. சுவடி பதிப்பித்தோர் கரையானை நொந்தனர். இங்கே கரையானும் ஆசிரியனும் ஒருவரே. தகவலாளர் 3 தருவது நமக்குக் கிடைத்துள்ள மிக நேர்மையான சான்று:

“அட, இன்னொருவாட்டி.” (கட்டுரையாளர், இரவு 1.40, நான்காம் பாடம், குதிரை உயிரோடிருக்கும் பிரதி மட்டும். ஐந்தாம் பாடத்தில் இவ்வடி இல்லை. அங்கே அச்சேற்றத் தகாத வேறோர் அடி உள்ளது. ஆறாம் பாடத்தில் மனைவியின் குரல் இடைச்செருகலாக நுழைகிறது. ஏழாம் பாடம் முழுதும் அவருடையதே.)

ஆகவே ஆட்டக்காரர் பொய் சொல்வதில்லை. அவர் எரித்த பிரதி இப்போது எங்கும் இல்லை. இல்லாத பிரதிக்குப் பொறுப்பேற்கச் சொல்வது பதிப்பு நெறிக்கு மாறானது. ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றி மூன்று கருத்தரங்கில் வாசிப்பவர்களுக்கும் இவ்விதி பொருந்தும் எனக் கேள்வி.

8. கள ஆய்வு

முடிவுரை எழுதுமுன் ஒரு சரிபார்ப்புக்காகக் கட்டுரையாளர் இரண்டாம் நாயகனுக்குள், அதாவது பன்றிமனிதனுக்குள், புகுந்தார். இவ்வுலகில் முதல் உடம்பு செய்தது இரண்டாம் உடம்புக்கும் அப்படியே நிற்கும். பழைய உடம்பைத் தேடிப்போய்த் துணைக்கும் அழைத்துக்கொள்ளலாம். ஜேன் பெல் அழைக்கப்பட்டார். இருவரும் கிராக்கிள் என்னும் ஊரை நோக்கி நடந்தனர். பை நிறைந்திருந்தது. விற்க வேண்டும்.

வாங்க ஆளில்லை. கடையில் இல்லை, தெருவில் இல்லை, எங்குமில்லை. அந்த இரவு, அந்த ஒரு பாடத்தை மட்டும், தூக்கக் கலக்கத்தில் தகவலாளர் 3 திருப்பாமல் விட்டிருக்கிறார். சேமித்துவிட்டுப் படுத்திருக்கிறார். இத்தனை பிரதிகளைத் தேடிய ஆய்வில், திருத்தமில்லாத மூலபாடம் அகப்பட்டது அந்த ஓரிடத்தில்தான்.

எழுவாய், பக்கத்தில் துப்பாக்கியோடு ஒன்றும் பேசாமல் நின்றாள். பயனிலை எதிரே பரந்து கிடந்தது. இடையில் பன்றிமுகத்தோடு நான்.

முறுக்குத் தட்டோடு வந்த மைத்துனன் திரையை எட்டிப் பார்த்தான்.

“என்ன மாமா, ஊர்ல ஒரு ஆளையும் காணோம்? என்னாச்சு?”

“எரிஞ்சுபோச்சு மாப்ளே” என்றேன்.