அடுத்த சபைக் கோயில்

அறுபதுகளின் தொடக்கத்தில், சாந்தோமில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்குள் கால் வைப்பது லேசான காரியமல்ல. 'பதிதர் கோயில்' என்பார் பாட்டி. அங்கே ஆராதனையில் கலந்துகொள்வது பாவம் என்று ஞானோபதேச வகுப்பிலும் சொல்லித்தந்தார்கள்.

எதிர்வீட்டு அக்காவின் கல்யாணம் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் நடந்தபோது, அம்மா எங்களைக் கூட்டிப்போனார்; ஆனால் உள்ளே விடவில்லை. மரத்தடியில் நின்று அந்த வெள்ளைத் தூண்களைப் பார்த்தோம். சபையார் மொத்தமாகப் பாடும் சத்தம் வெளியே வந்தது. எனக்கு அது புதிது. எங்கள் பூசை அப்போது இலத்தீனில் நடக்கும். சாமியார் பீடத்தைப் பார்த்தபடி செபிப்பார், பாட்டி ஜெபமாலை உருட்டுவார், மணி அடித்ததும் நான் மண்டியிடுவேன். அவ்வளவுதான் என் பங்கு.

1815-இல் கட்டி முடித்த அந்தக் கதீட்ரலில்தான் 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையை உருவாக்கினார்கள். பேராயர் இல்லாமல் சபை இல்லை என்றவர்களும், பேராயரே தேவையில்லை என்றவர்களும் ஒரே கூரைக்குக் கீழ் வந்த நாள் அது. இந்தியக் கிறிஸ்தவர்கள் உலகத்துக்குக் காட்டிய பெரிய முன்மாதிரி அது என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் வகுப்பில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் எங்கள் பக்கக் கதவைத் திறந்தது. பூசை தமிழுக்கு வந்தது. சாமியார் எங்களைப் பார்த்து நின்றார். 1995-இல் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உருவாக்கிய விவிலியப் பொது மொழிபெயர்ப்பும் வந்தது. ஜனவரியில் ஒற்றுமை வாரம் வந்தால், ஒரு சபையின் குரு மற்றொரு சபையில் பிரசங்கம் செய்கிறார்.

இப்போது எழும்பூர்ப் பக்கம் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயிலில் சற்று உட்கார்ந்துவிட்டு வருவேன். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1821-இல் எழுந்த கோயில். மண் இளகலாக இருந்ததால் கிணறு கிணறாக இறக்கி அவற்றின்மேல் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வட்டமாக நிற்கும் தூண்களுக்கு மேலே, கருநீலக் குவிமாடத்தில் பொன் நட்சத்திரங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முன்பெல்லாம் ஆர்.சி. பையனும் சி.எஸ்.ஐ. பெண்ணும் கல்யாணம் செய்தால் வீடே இரண்டுபடும். இன்று இரு சபை குருக்களும் சேர்ந்து நின்று வாழ்த்துவதைப் பார்க்கிறேன். ஆனால் பெண் பார்க்கும்போது சபையைக் கேட்காத அதே குடும்பங்கள், "என்ன ஆளுங்க?" என்று சாதியைக் கேட்கத் தவறுவதில்லை. ஒரே கிறிஸ்துவை நம்புகிறவர்கள் கேட்கிற கேள்வியா இது? ஆயர்களே, குருக்களே, வருகிற ஒற்றுமை வாரத்தில் பிரசங்க மேடையிலிருந்து இதைப் பேசுங்கள்.