காருக்குப் பின்னால் ஆரோக்கியம்

சைக்கிள் ஓட்டினால் உடம்புக்கு நல்லது என்பது பழைய கண்டுபிடிப்பு. சைக்கிளைக் காரில் மாட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது என்று சென்னை இப்போதுதான் தெரிந்துகொண்டிருக்கிறது. ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். முட்டுக்காடு பக்கம் பறக்கும் கார்களின் முதுகில் சைக்கிள்கள் சொகுசாகத் தொங்கிக்கொண்டு போகும்.

அண்ணா நகரிலிருந்தே மிதித்து வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விவரம் போதாதவர்கள். மிதித்து வந்தால் களைப்பு வரும். களைத்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி உடற்பயிற்சி செய்வது?

ஏற்பாடும் லேசுப்பட்டதல்ல. காரின் அடிச்சட்டத்தில் 2 அங்குலச் சதுரக் குழாயை முடுக்கி, அதில் ரேக்கைச் செருக வேண்டும். 8 கிலோ சைக்கிளைச் சுமக்க 20 கிலோ இரும்பு. பிறகு டிக்கி திறக்காது. சாமான்களெல்லாம் மாமியார் மடிக்கு மாறும். நம்பர் பிளேட் மறையும். போக்குவரத்துக் காவலர் நிறுத்தி விசாரிப்பார். அந்த நேரத்தில் நாலு பேர் சைக்கிளைப் பார்ப்பார்கள், வாங்கியதே அதற்குத்தானே. ரிவர்ஸ் எடுத்தால் சென்சார் விடாமல் கத்தும். பின்னால் சுவர் ஒன்று ஒட்டிக்கொண்டே வருவதாக அதற்கு நினைப்பு.

போன வாரம் ஒரு நண்பர் குடும்பத்தோடு கிளம்பினார். ஹெல்மெட்டை வீட்டிலேயே மாட்டியாயிற்று. கடற்கரைச் சாலையிலுள்ள அக்கரையில் இறங்கியதும்தான், ரேக் பூட்டின் சாவி வீட்டு ஆணியில் தொங்குவது நினைவுக்கு வந்தது. மனிதர் பதறவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பொங்கல், வடை, காபி எல்லாம் முடித்தார். சைக்கிளும் கடற்காற்று வாங்கியது. டயர் தேயவில்லை, செயினில் மணல் ஏறவில்லை. அடுத்து மனைவிக்கும் ஒன்று வாங்கப்போகிறாராம். ரேக்கில் இன்னோர் இடம் சும்மா கிடக்கிறதே!