குழம்புக் கிண்ணமும் குடிக்கணக்கும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒன்று, நேராகச் சொன்னால், ஒரு வீட்டுப் பட்டியல். முதலாம் இராசராசன் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல்மகளிரை, வரவழைத்துப் பெரிய கோயிலை ஒட்டிக் குடியேற்றினான். ஆளுக்கு ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும்படியுள்ள ஒரு பங்கு. நெல்லை அளக்க ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பேரிலேயே ஒரு மரக்கால். பின்னால் வீட்டுத் தகராறு வந்துவிடக் கூடாதே என்று இன்ன தளிச்சேரி, இன்ன சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என ஒவ்வொருத்தி பேரையும் கல்லில் வெட்டிவைத்தான். தளிச்சேரி என்பது கோயிலை ஒட்டிய குடியிருப்பு; சிறகு என்பது தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. ஆயிரம் ஆண்டு கழித்து அதே ஊரின் புறநகரில் பழைய எண், புது எண், மனை எண், மின் இணைப்பு எண் நான்கும் எழுதிய வாசலைக் கண்டுபிடிக்க முடியாமல் கூரியர் தம்பி முக்கில் நின்று போன் போடுகிறார். “பிள்ளையார் கோயில் தாண்டி, நாய் படுத்திருக்கிற வீடு” என்று வழி சொல்கிறோம். நாய் இடம் மாறிப் படுத்தால் பார்சல் வீடு மாறிவிடும்.

ஆகவே இந்த ஆய்வு சோழர் முறையைப் பின்பற்றுகிறது. களம்: மருத்துவக் கல்லூரிச் சாலைக்கும் நஞ்சிக்கோட்டைக்கும் நடுவே, எதிரும் புதிருமாக இருபது வீடு தேறக்கூடிய ஒரு தெரு. பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் குடியிருப்போர் சங்கத்தில் அடுத்த விசேஷத்துக்கு நாற்காலி தரமாட்டார்கள். வீடுகள் தென்சிறகு, வடசிறகு என்றே சுட்டப்படும். வடசிறகு நான்காம் வீடு மட்டும் ஆய்விலிருந்து விலக்கப்பட்டுள்ளது. காரணம் முழுக்க முழுக்கக் கல்விசார்ந்தது.

களத்தின் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாற்றுக்குப் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்ட வேண்டும். அது நெல்லுக்கான மண். அந்தக் களியில் அஸ்திவாரம் போட்டால் கோடையில் சுவர் வாய் பிளக்கும். தென்மேற்கே வல்லம் பக்கம் மேடு, செம்மண், வீட்டுக்கான மண். இரண்டுக்கும் இடையில் ஊருக்குள்ளேயே ஓடுகிற கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணையை ஒட்டி 1934-இல் முடிந்தது. தொண்ணூறு வயதாகியும் எங்களுக்கு அது ‘புது ஆறு’தான், மூத்த மருமகளைக் கடைசிவரை ‘புதுப்பொண்ணு’ என்று கூப்பிடுவதுபோல. ஒரத்தநாட்டிலோ பாபநாசத்திலோ நிலம் வைத்திருப்பவர் செம்மண்ணில் வீடு கட்டுவார். நெல் அங்கே, தூக்கம் இங்கே. அறுப்பு முடிந்ததும் மூட்டை மினிவேனில் வரும். எங்கள் தெருவில் அரிசியைக் கடையில் வாங்குகிறவரைச் சற்று இரக்கத்தோடுதான் பார்ப்பார்கள்.

இனி ஆய்வுச் சிக்கலுக்கு வருவோம். குடும்பம் என்றால் என்ன? இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து, ஒரே பொதுச் சமையலறையிலிருந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம்; வேலை நிமித்தம் வெளியில் சாப்பிட நேர்ந்தால் பாதகமில்லை. இரத்தம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இனிஷியல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடுப்புதான் கணக்கு. இந்த அளவுகோலை வைத்துத்தான் 2011-இல் தமிழ்நாட்டின் 7.21 கோடிப் பேரைச் சுமார் 1.85 கோடிக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். வகுத்தால் குடும்பத்துக்கு 3.9 ஆள். மாதத்தில் நாலு நாள் மட்டும் காணாமல்போகிற மருமகன்கள் இருக்கும்வரை இந்தப் பின்னத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அளவுகோல் உடைவது தென்சிறகு மூன்றாம் வீட்டில். கீழே ஓய்வுபெற்ற தம்பதி. மாடியில் இளைய மகன், மருமகள், பேத்தி. அடுப்பு இரண்டு, சிலிண்டர் இரண்டு, மீட்டரும் இரண்டு. மீட்டருக்கு ஒரு தனிக் காரணம் உண்டு: 2016 முதல் வீட்டு இணைப்பு ஒன்றுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்காகவே மனம் ஒத்துப் பிரிந்த குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம். ஆனால் பிரிந்தது எது? நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். சாதம் மேலே தனி, கீழே தனி. சாம்பார் கீழேயிருந்து மேலே போகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு மேலேயிருந்து கீழே வருகிறது. டிகாக்‌ஷன் ஒரே ஃபில்டர். மாவு ஒரே கிரைண்டர்; அரைத்த பிறகுதான் இரண்டு பாத்திரம். இதிலிருந்து நான் வகுத்தது ‘திரவக் கொள்கை’: பிரிந்த குடும்பத்தில் கெட்டியானவை தனித்தனியாகும், இளகியவை பொதுவாகவே இருக்கும்.

இதற்கு வரலாற்று ஆதாரமும் உண்டு. இந்தப் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எதையும் பிரித்துப் பாருங்கள். நன்செய், புன்செய், மாட்டுக்கொட்டகை, தென்னை மரம், கொல்லைக் கிணற்றில் யாருக்கு எந்தப் பொழுது தண்ணீர் என்பதுவரை எல்லை சொல்லி எழுதியிருக்கும். குழம்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. அது எழுத்தில் அடங்காத சொத்து.

2011 பிப்ரவரியில் கணக்கெடுப்பு நோட்டோடு வந்த டீச்சர் தென்சிறகு மூன்றாம் வீட்டுப் படியேறித்தான் திணறினார்.

“ஒரே சமையலாம்மா, தனித்தனியா?”

“தனித்தனிதான் டீச்சர். குழம்பு மட்டும் ஒண்ணு.”

“அப்ப ஒண்ணுன்னு எழுதிக்கவா?”

“ஐயையோ, அப்படி எழுதிடாதீங்க. மருமக கோவிச்சுக்கும்.”

“ரெண்டுன்னு?”

“அப்படி எழுதினா பையன் கோவிச்சுக்குவான்.”

டீச்சர் கடைசியில் என்ன எழுதினார் என்பது அந்த நோட்டுக்குத்தான் தெரியும். இந்த இடத்தில் அரசுக்கு ஒரு கருவி தேவைப்படுகிறது, அது கிண்ணம். மேலே போன கிண்ணம் எப்படித் திரும்புகிறது என்பதைக் கவனித்தால் போதும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் வழக்கம். ஒரு கை சர்க்கரை, இரண்டு முறுக்கு, ஒன்றும் இல்லாவிட்டால் ஓர் இணுக்குக் கறிவேப்பிலையாவது போட்டு வந்தால் அது ஒரே குடும்பம். பளபளவென்று துலக்கித் துடைத்து, காலியாக வந்தால் இரண்டு குடும்பம். அதுவும் அன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பம். துலக்காமலே வந்தால் மாடியில் யாருக்கோ உடம்பு சரியில்லை, உடனே ஏறிப் பார்க்க வேண்டும்.

வடசிறகு ஏழாம் வீட்டு மாடி நேர்மாறான சிக்கல். நான்கு இளைஞர்கள். மூன்று வேளையும் மெஸ், இல்லாவிட்டால் பரோட்டாக் கடை. உறவில்லாதவர்கள் ஒரு வீட்டில் இருந்து, பொதுச் சமையல் இல்லையென்றால் ஒவ்வொருவரும் தனித்தனிக் குடும்பம் என்பது கணக்கெடுப்பு விதி. அதன்படி அந்த ஒற்றை அறையில் நான்கு குடும்பங்கள். ஓர் இரவு மழையில் மெஸ்ஸுக்குப் போக முடியவில்லை. கெட்டிலில் மேகி போட்டுச் சாப்பிட்டதாக ஒருவன் வாக்குமூலம் தந்திருக்கிறான். இதுவே வழக்கமாகிவிட்டால் ஒரு கெட்டில் மூன்று குடும்பங்களைத் துடைத்துவிடும். வீட்டுக்காரர் கேட்டில் இன்னும் ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்ற போர்டு தொங்குகிறது. நாலு ஃபேமிலி உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது.

அடுத்து, தலைமை. கணக்கெடுப்பில் குடும்பம் யாரைத் தலைவராக ஒப்புக்கொள்கிறதோ அவரே தலைவர். எல்லா வீட்டிலும் ஈஸிசேரில் இருப்பவரைக் கை காட்டுவார்கள். அவரும் பேப்பரை மடித்துவிட்டு ஒப்புக்கொள்வார். ஆனால் 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டுக்கு வீட்டின் மூத்த பெண்மணியே தலைவி என்கிறது. ஒரே கூரையின்கீழ் இப்படி இரண்டு ஆட்சி நடந்தும் கலகம் எதுவும் இல்லை, 2023 செப்டம்பர் 15 வரை. அன்றுதான் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வரத்தொடங்கியது. தலைவி என்ற பட்டத்தோடு ஒரு வரும்படியும் சேர்ந்தது. 5 ஏக்கருக்கு மேல் நன்செய் இருந்தால் கிடையாது என்ற நிபந்தனையால் எங்கள் தெருவின் நில அளவையிலே ஒரு புரட்சி உண்டானது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் ஏழு ஏக்கர். படிவத்தில் நாலே முக்கால். நடுவிலுள்ள இரண்டே கால் ஏக்கரில் போகத்துக்குப் போகம் விளைச்சல் அமோகம்.

ஆண் பெண் விகிதத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2011-இல் இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு 943 பெண்கள், தமிழ்நாட்டில் 996, தஞ்சாவூர் மாவட்டத்தில் 1,035. மீதி ஆண்கள் எங்கே என்று அறிஞர்கள் யோசிக்கலாம். எங்கள் தெருவில் கேட்டால் சிங்கப்பூர் என்றோ துபாய் என்றோ ஒரே சொல்லில் பதில் வரும். மிச்சம் இருப்பவர்கள் காலை பதினொரு மணிக்கு டீக்கடையில் இருப்பார்கள்.

செருப்பை எண்ணி ஆளை எண்ணும் முறையையும் முயன்று பார்த்தேன். தென்சிறகு எட்டாம் வீட்டு வாசலில் ஒரு பெண் செருப்பு, ஓர் ஆண் செருப்பு. கணக்கு இரண்டு என்று குறித்துக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், ஆண் செருப்பு எப்போதும் ஒரே இடத்தில், மூக்கு வாசலைப் பார்த்தபடி. அந்த அம்மா தனியாக இருக்கிறார். வீட்டுக்குள் ஆம்பளை இருப்பதாகத் திருடன் நினைக்கட்டும் என்று வைத்திருக்கிறாராம். “அவரோடதுதான். ஒன்பதாம் நம்பர்” என்றார். தினமும் துடைத்து வைக்கிறார். காவலுக்கு வைத்த செருப்பில் தூசி படிந்திருந்தாலும் திருடனுக்கு ஒன்றும் தெரிந்துவிடாது. அதை நான் சொல்லவில்லை. அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011-இல் இந்தியாவில் நூற்றுக்கு 8.6, தமிழ்நாட்டில் 10.4 என்பது கணக்கு. எங்கள் தெருவை எண்ணினால் விழுக்காடு மாநிலத்தைச் சங்கடப்படுத்தும்.

இனி இந்த ஆய்வின் மையமான கேள்வி: இல்லாதவர்களை எப்படி எண்ணுவது? தென்சிறகு ஆறாம் வீட்டில் நான்கு படுக்கையறை, மூன்றில் ஏசி. படுப்பது இருவர், அவர்களும் முழங்கால் வலியால் ஹாலில். மாடி அறைகள் இரண்டும் மகன்களுடையவை. ஒருவன் அமெரிக்கா, ஒருவன் ஆஸ்திரேலியா. ஏசிக்குப் பிளாஸ்டிக் உறை, கட்டிலுக்குப் பழைய போர்வை, அலமாரியில் பத்தாம் வகுப்புக் கோப்பை. கணக்கெடுப்பு நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது. சட்டப்படி அந்த அறைகளில் யாரும் இல்லை.

சோழர்கள் இதற்கும் வழி வைத்திருந்தார்கள். அதே தளிச்சேரிக் கல்வெட்டில், பங்கு பெற்றவர் செத்துப்போனாலோ ‘அநாதேசம்’ போனாலோ, அதாவது வேற்றூர் போய்விட்டாலோ, அடுத்த உரிமையுள்ளவர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும்; அவர் தகுதியில்லாதவரானால் தகுதியுள்ள ஆளை அமர்த்திச் செய்விக்க வேண்டும் என்று இருக்கிறது. அநாதேசம் போனவரையும் இறந்தவரையும் ஒரே வாக்கியத்தில் வைக்கும் துணிச்சல் கல்வெட்டுக்கு இருந்தது. ஆறாம் வீட்டு அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு நான் உயிரோடு தெருவில் நடக்க முடியாது. ஆளை அமர்த்துவது மட்டும் அப்படியே நடக்கிறது. கோலத்துக்கு ஓர் ஆள், மோட்டார் போட ஓர் ஆள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஓர் ஆட்டோ. இரவு ஒன்பது மணிக்கு மட்டும் போனைச் சொம்பின்மேல் சாய்த்துவைத்துச் சாப்பிட உட்காருகிறார்கள். திரையிலிருந்து மகன் கேட்கும் முதல் கேள்வி, “என்ன குழம்பும்மா?” பொதுச் சமையலறை என்ற இலக்கணத்தைத் திருத்தும் குழுவுக்கு இதைச் சாட்சியமாக அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

காலமும் டெல்டாவுக்கு ஒத்துவரவில்லை. 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9-இலிருந்து 28 வரை. மார்ச் 1 தொடங்கிய நள்ளிரவே கணக்கு நேரம். அது சம்பா அறுத்து முடித்து, அடியில் தெளித்த உளுந்து வயலில் நிற்கும் சமயம். நிலம் உள்ளவர் மாடு மேயாமல் பார்க்க ஊரில் கிடப்பார். எங்கள் தெருவில் அவர் மனைவி அவரைச் சேர்த்துச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்பார். அடுத்த கணக்கும் 2027 மார்ச் 1 நள்ளிரவுக்கே. உளுந்துக்கு யாரும் சொல்லவில்லை.

வடசிறகு நான்காம் வீட்டை விலக்கிய காரணத்தை இப்போது சொல்லிவிடலாம். அது என் வீடு. கீழே நானும் மனைவியும். மாடியில் மகனும் மருமகளும். ஆய்வாளன் தன் களத்திலேயே சாப்பிடக் கூடாது என்பது நெறி. ஆனாலும் 2027-க்கு ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று நேற்று சமையலறை வாசலில் நின்று கேட்டேன்: “நாம ஒரு குடும்பமா, ரெண்டா?”

மனைவி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“செவ்வாய்க்கிழமை மேல போன எவர்சில்வர் கிண்ணம் இன்னும் வரலை.”

“அப்ப ரெண்டுன்னு எழுதிக்கவா?”

கத்தியை நிறுத்திவிட்டுக் காதைக் கூரைப் பக்கம் சாய்த்தாள்.

“கொஞ்சம் பொறுங்க. மேல மிக்ஸி ஓடுது. தேங்கா அரைக்கிற சத்தம் மாதிரி இருக்கு.”