99 ஏ.பி.ஓ. எந்த நாட்டில் இருக்கிறது?

தொண்ணூறுகளில் எங்கள் குமணன்சாவடியில் வெளிநாடு என்பதற்குத் தெளிவான இலக்கணம் இருந்தது. போகிறவரை வழியனுப்ப ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் மீனம்பாக்கம் வரை போய்வர வேண்டும். அவர் எழுதுகிற கடிதத்தில் ஷேக் படம் போட்ட தபால்தலை இருக்க வேண்டும், அதைத் தெருப் பிள்ளைகள் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துச் சண்டை போட வேண்டும். திரும்பி வருகையில் கோடாலித் தைலமும் யார்ட்லி பவுடரும் ஒரு டூ-இன்-ஒன்னும் பெட்டியில் இருந்தாக வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல், பாஸ்போர்ட் என்கிற புத்தகத்தைக் கண்ணாலும் பார்க்காமல், அயல்நாட்டில் மூன்று வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு 54-ஆம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கியவள் நான். நான் வெளிநாடு போய்வந்தது இன்றுவரை எங்கள் சொந்தத்தில் யார் கணக்கிலும் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் கிளார்க் ஹவில்தார். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார். மிச்சப் பத்து மாதமும் எனக்கு மாமியாரோடுதான் குடித்தனம். 1996-இல் அவருக்குப் பூட்டானில் ஹா என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. "ஹாவா? கொட்டாவி விட்டாப்பல இருக்கே" என்றார் அத்தை. பூட்டான் ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்க 1962 முதல் நம் ராணுவத்தின் குழு ஒன்று அங்கே இருக்கிறது. அதன் தலைமையகம் ஹாவின் கோட்டைக்குள். குவார்ட்டர்ஸ் உண்டு, குடும்பத்தைக் கூட்டிவரலாம் என்று இவர் எழுதியதும் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அது எந்த ஜில்லா?" இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், அங்கே நம் ரூபாயும் செல்லும் என்று இவர் விளக்கியதும் அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. நம் ரூபாய் செல்லுகிற ஊர் எப்படி வெளிநாடாகும்?

வெள்ளை பெயின்ட்டில் நம்பரும் பேரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், கோணியில் புளி, மிளகாய், அப்பளம். கோரமண்டலில் ஹௌரா, அங்கிருந்து இன்னொரு ரயிலில் ஹாசிமாரா. ஜெய்காவ்ன் கடைத்தெருவின் இரைச்சலைக் கடந்து ஓர் அலங்கார வளைவுக்குள் நுழைந்தால் புந்த்ஷோலிங். வளைவுக்கு இந்தப் பக்கம் ஹாரனும் தள்ளுமுள்ளும், அந்தப் பக்கம் யாரோ வாயில் விரலை வைத்து அதட்டிவிட்டுப் போனது போன்ற அமைதி. நாடு மாறிய அந்த மகத்தான கணத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்கள்? டிரங்குப் பெட்டிக்கு அடியில் மாங்காய் ஊறுகாய் எண்ணெய் கசிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் நம் எல்லைச் சாலைத் துறையின் தந்தக் திட்டத்தார் போட்ட மலைப்பாதை. 1958-இல் அந்தச் சாலை இல்லாததால் நேருவே நாதுலா கணவாய் ஏறி, திபெத்துக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் பாரோவுக்குப் போனார் என்று பட்டாளத்து வண்டியின் முன் சீட்டிலிருந்து இவர் சரித்திரம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன்.

ஹா சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 91 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பிப் பருப்பைப் போட்டால் அது சாயங்காலம் வரை முறைத்துக்கொண்டு கிடக்கும். பருப்புக்காவது குக்கர் இருந்தது. மாவுக்கு? ஆட்டுக்கல் கிடையாது, மிக்சியில் அரைத்து வைத்த இட்லி மாவு முதல் நாள் இருந்தபடியே மூன்றாம் நாளும் இருந்தது, மேலே ஓர் ஏடு மட்டும் கட்டிக்கொண்டு. மாவு பொங்காததற்கெல்லாம் ஒரு பெண் அழுவாளா என்று இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது அழுதேன். பூந்தமல்லி, போரூர், அம்மா, எல்லாம் சேர்ந்து அந்தச் சட்டிக்குள் புளிக்காமல் உட்கார்ந்திருந்ததாக நினைப்பு.

அழுகை சத்தம் கேட்டுப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபி பாபிஜி வந்தார். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. சட்டியை எட்டிப் பார்த்தார், முகர்ந்தார், என்ன புரிந்ததோ, வீட்டுக்குப் போய் ஒரு பட்டாளத்துக் கம்பளியைக் கொண்டுவந்து சட்டியைக் குழந்தை மாதிரி சுற்றி, விறகு எரியும் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போனார். தயிருக்கு அவர் செய்கிற வைத்தியம் அது. இரண்டு நாள் கழித்து மாவு கம்பளியையும் நனைத்துக்கொண்டு பொங்கி வழிந்தது. அன்றைக்கு அந்த வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் இட்லி போனது. பாபிஜி வீட்டில் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டார்கள், ஒரு மலையாளிக் குடும்பம் மட்டும் சாம்பாருக்குக் கிண்ணம் அனுப்பியது. இப்போது குமணன்சாவடி சிக்னலைச் சுற்றி எந்தக் கடையில் கேட்டாலும் மாவு பாக்கெட் தொங்குகிறது, கடைக்குப் போக முடியாதவர்களுக்குப் போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வருகிறது. இட்லி பஞ்சாக இருக்கிறது, யாரும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை.

பூட்டான்காரர்களை நான் புரிந்துகொண்டது மிளகாய் மூலமாகத்தான். காரத்தில் நம்மை அடிக்க ஆள் கிடையாது என்ற ஜம்பத்தோடு போனவள் நான். அங்கே மிளகாய் என்பது காரத்துக்குப் போடுகிற சாமான் இல்லை, அதுதான் காய்கறியே. பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாலாடைக்கட்டியோடு வேகவைத்து, எமா தட்ஷி என்று சிவப்பரிசிச் சோற்றில் ஊற்றிக் குழந்தைகளுக்குக்கூடக் கொடுக்கிறார்கள். முதல் வாய்க்கே காது அடைத்துப்போய்ப் பால் கேட்ட என்னைப் பார்த்து அந்த வீட்டுப் பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் இலையுதிர் காலத்தில் அவர் வீட்டுக் கூரை முழுக்கச் சிவக்கச் சிவக்க மிளகாய் காய்ந்தபோது, மொட்டை மாடியில் வற்றல் காயவைத்துக் காக்காய்க்குக் காவல் உட்கார்ந்த ஜென்மம்தானே நான், பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். குளிர்காலத் தொடக்கத்தில் லோம்பா என்று அந்தப் பக்கத்துப் புத்தாண்டு வரும். கோதுமை மாதிரி ஏதோ மாவைத் தட்டி, டர்னிப் கீரையைப் பூரணமாக வைத்து மூடி வேகவைத்து அனுப்புவார்கள். ஹோன்தே என்று பெயர், பக்வீட் என்கிற தானியத்தில் செய்வது. என் கண்ணுக்கு அது பிள்ளையார் இல்லாத ஊரில் பிடித்த கொழுக்கட்டை. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் அங்கேயும் உண்டு, தோமா என்பார்கள். பாட்டி கொடுத்ததும் நம்ம ஊர் தாம்பூலம்தானே என்று வாயில் போட்டேன். ஊறிப் புளித்த அந்தப் பாக்கின் வாடை உச்சந்தலைக்கு ஏறி, பனி கொட்டுகிற காலத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது. பாட்டிக்கு இரண்டாவது சிரிப்பு.

இந்தியும் அங்கேதான் கற்றேன், முழுக்க முழுக்கப் பாபிஜியிடம். ராணுவ மனைவியருக்கு 1966-இலிருந்து ஒரு நலச் சங்கம் உண்டு, ஆவா என்பார்கள்; அதன் கூட்டத்தில் பெரிய அதிகாரியின் மனைவி என்னை விசாரிக்க, நான் கணீரென்று பதில் சொல்ல, கூட்டமே திரும்பிப் பார்த்தது. மதராஸிப் பெண்ணின் வாயிலிருந்து லூதியானா பேசுகிறது! "மதராஸில் எங்கே?" என்று கேட்பார்கள். குமணன்சாவடி என்றால் யாருக்குத் தெரியும்? பூந்தமல்லி என்பேன். அப்போது ராஜீவ் கொலை வழக்கு பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது; 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பு வரும்வரை, பேப்பர் படிக்கிறவர்கள் எல்லோரும் "ஓ, அந்தக் கோர்ட்" என்று என்னைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பார்ப்பார்கள். அதே பூந்தமல்லியில் வெள்ளைக்காரன் காலத்தில் கன்டோன்மென்ட் இருந்ததையும், கப்பலில் வந்திறங்கிய வெள்ளைச் சிப்பாய்களை அங்கே தங்கவைத்ததையும் பின்னால்தான் படித்தேன். அவர்களோடு வந்த எந்தப் பெண்ணாவது எங்கள் ஊர் மே மாத வெயிலில் ரொட்டி மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது என்று அழுதிருப்பாளோ?

கடிதத்தைச் சொல்லாமல் விட்டால் கதை நிறையாது. பட்டாளத்தில் ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. நம்பர், பேர், யூனிட், மிச்சத்துக்கு 99 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். கிழக்கே எல்லையில் எங்கே இருந்தாலும் 99, வடக்கிலும் மேற்கிலும் என்றால் 56. ஆகையால் நான் வெளிநாட்டிலிருந்து எழுதியதெல்லாம் சாதாரண இந்திய இன்லண்டிலேயே வந்து சேர்ந்தது. துபாய்க்குப் பிள்ளையை அனுப்பிய எதிர்வீட்டு அம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டாம்பு நம்ம ஊருதா இருக்கே" என்று திருப்பிக் கொடுத்தாராம். அம்மாவோ தன் மகள் 99 என்கிற ஊரில் இருப்பதாகவே முடிவு கட்டி, ஒருநாள் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், "தொண்ணூத்தொம்போதுக்கு ஒரு லைன் போடுப்பா" என்று கேட்டிருக்கிறார். பூத்துப் பையன் கோடு புத்தகம் முழுக்கத் தேடினானாம்.

இன்லண்டில் மடிக்கிற ஓரம் வரை எழுதுவேன். எழுதி முடித்தபின் நினைவு வந்ததைக் குறுக்கே சாய்த்து எழுதுவேன், ஒட்டுகிற இடத்தில் அத்தைக்கு ஒரு வரி. பதில் வரப் பல நாளாகும். அதற்குள் நான் கேட்ட கேள்வியே எனக்கு மறந்து, "ஆமாம், தங்கச்சி விசயத்துல நீ சொன்னதுதான் சரி" என்று அம்மா எழுதியிருந்தால், நான் என்ன சொன்னேன் என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். இன்று என் மகள் தினமும் காலையில் வீடியோவில் வருகிறாள். காப்பி குடித்தாயா என்கிறாள், குடித்தேன் என்கிறேன். சாயங்காலம் மறுபடியும் வந்து டிபன் என்ன என்கிறாள். பேச விஷயம் சேருவதற்குள் போன் வந்துவிடுகிறது.

1999 முடிவில் ஊர் திரும்பினேன். என் பெட்டியில் இருந்த பூட்டான் சாமான்கள்: துருக் ஜாம் இரண்டு பாட்டில், கொஞ்சம் சிவப்பரிசி, காய்ந்து கெட்டிப்பட்ட யாக் பாலாடைக்கட்டி ஒரு சரம். அதை வாயில் அடக்கி மணிக்கணக்கில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். மாமனார் பொய்ப்பல்லோடு கடிக்கப் பார்த்துத் தோற்றார். "ஏம்மா, ஃபாரின்லேர்ந்து கல்லா கொண்டாந்தே?" என்றார் அத்தை. நான் இருந்த வரைக்கும் அங்கே எங்கள் வீட்டில் டி.வி. இல்லை, பூட்டானுக்கே டி.வி. வந்தது 1999 ஜூன் 2 அன்றுதான். இங்கேயோ தெருவே 'சித்தி' பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. யார் நல்லவள், யார் கெட்டவள் என்று கேட்டு நான் திட்டு வாங்கினேன். ஹாவில் கற்றதைவிடக் குமணன்சாவடியைத் திரும்பக் கற்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது எங்கள் ஊருக்குப் பெயர் போட்டே ஒரு மெட்ரோ நிலையம், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வருகிற தடத்தில். அதன் தூண்களில் ஒன்றில் பூட்டான் பேக்கேஜ் டூர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நாத்தனார் மகன் தேன்நிலவுக்கு அங்கே போய்வந்தான். புலிக்கூடு மடாலயத்தின் முன்னால் நின்று கோவும் கீராவும் உடுத்தி எடுத்த படத்துக்கு ஊரே வாழ்த்து அனுப்பியது. ஃபாரின் ட்ரிப்பாம். 2020-இலிருந்து இந்தியர்களும் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும் என்றான். "அத்தை, நீங்ககூட அங்க இருந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க, எந்த ரிசார்ட்?" என்று கேட்டான், பாவம், நிஜமாகத்தான். ஹாவுக்கு வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களை 2002 வரை விடவே இல்லையே, அதற்கு முன்னால் நான் அங்கே அவரை விதை போட்டு முளைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே என்று எப்படிச் சொல்வது? அவன் போனதும் இவர் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். இன்றைய ரேட்டில் மூன்று வருஷத்துக்கு எனக்கு மட்டும் 13 லட்சத்துக்கு மேல். "அவ்வளவு ரூபாய்க்கு உன்னை வெளிநாட்டில் வைத்திருந்தேன், ஞாபகம் வைத்துக்கொள்" என்கிறார்.

எங்கள் மாடிப் போர்ஷனில் ஒரு மணிப்பூர்ப் பெண் குடிவந்திருக்கிறாள். புருஷனுக்கு ஆவடியில் துணை ராணுவத்தில் வேலை. அவள் வந்த அன்றைக்கே நான் பாபிஜியாகத் தயாராகிவிட்டேன். கம்பளி இல்லை, இந்த ஊருக்கு வேண்டியதும் இல்லை; ஆனால் தண்ணீர் லாரி எப்போது வரும், எந்தக் கடையில் மீன் ஏமாற்ற மாட்டான் என்று சொல்லித்தர என்னிடம் நிறைய இருந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. போனில் தட்டுகிறாள், வருகிறது. ஆட்டோக்காரரிடம் அவள் மைதேயில் பேச, போன் தமிழில் பேசுகிறது, அவரும் போனுக்கே மரியாதையாகப் பதில் சொல்கிறார். அவள் வீட்டில் கருவாட்டு ஊறல் வேகிற நாளில் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். என் சாம்பாரின் பெருங்காய வாடைக்கு ஹாவில் எத்தனை ஜன்னல் சாத்தினார்களோ என்று நான் மட்டும் திறந்து வைக்கிறேன்.

குடிவந்து மாதங்களாகியும் ஒரு கரண்டி சர்க்கரைகூட அவள் கடன் கேட்டு வரவில்லை. கடைசியில் போன வாரம் நானே மாடி ஏறிப் போய் ஒரு பிடி மிளகாய் கேட்டேன். என் வீட்டுக் கூடையில் நிறையவே இருந்தது.