தாத்தா சொல்லுதேன், கேட்டுக்கோ

ஏலே பேராண்டி, மெட்ராசுக்கு வந்து ஒன்கூட ஒரு சனி, ஞாயிறு இருந்துட்டு வந்தேன்லா, அதுல இருந்து ஒனக்கு நாலு புத்தி சொல்லணும்னு நாக்கு நமநமங்குது.

சனிக்கிழமை சாயந்தரம் கச்சேரி. டிக்கெட்டு வெலைக்கு நம்மூர்ச் சந்தையில ஒரு ஆட்டுக்குட்டி புடிச்சிட்டு வந்துரலாம். சரி, துட்டு போயாச்சு, பாட்டையாவது கேப்போம்னு ஒக்காந்தா, பாட வந்தவரு வாயத் தொறக்கு முன்ன நீங்க பூராப் பேரும் பாடுதிய. அவரு மைக்க ஒங்க பக்கம் நீட்டிட்டுத் தண்ணி குடிக்காரு. பாடுததும் நீங்க, துட்டு குடுக்கதும் நீங்க. கெட்டிக்காரப் பயலுவ!

நம்ம கோவில்பட்டியில செலையா நிக்காரே காருகுறிச்சி அருணாசலம், அவரு 1964-ல போய்ச் சேந்தப்ப எனக்கு மீசை அரும்பல. ஒரு கோயில் கொடையில அவரு நாதஸ்வரம் வாசிச்சாரு. எங்கய்யா துண்ட விரிச்சு என்னைய ஒக்கார வச்சிருந்தாரு. நடுவுல சீவாளியக் கழட்டுவாரு, எச்சில்ல நனைப்பாரு, பீப்பீன்னு ஊதிப் பாப்பாரு, சரியில்லன்னா அடுத்தத மாட்டுவாரு. அம்புட்டு நேரமும் கூட்டத்துல ஒரு இருமல் கெடையாது. ராகம் விடிய விடிய ஓடுச்சாம். 'ஓடுச்சாம்'னுதான் சொல்லணும், நான் துண்டுலயே தூங்கிட்டேன். முழிச்சிருந்து கேட்டது 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துலதான். அத வெளிய சொல்லிராத.

கச்சேரி முடிஞ்சு வெடியக்காலம் நாலு மணிக்குப் பிரியாணி திங்கக் கூட்டிட்டுப் போனிய. நாங்க ஏர் பூட்டுத நேரம்லே அது. ஆனா கறி நல்லா வெந்திருந்துச்சு, குத்தம் சொல்லப்படாது.

ஞாயித்துக்கிழமை சேப்பாக்கத்துல கிரிக்கெட்டு. இதே மைதானத்துல 1986-ல ஆஸ்திரேலியாக்காரன் டீன் ஜோன்ஸ், வெக்கையில வாந்தி எடுத்துக்கிட்டே 210 ரன் அடிச்சான். அவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாவ. ஆட்டம் கடைசியில டையாப் போச்சு. நீ என்னடான்னா நெழல்ல ஒக்காந்துக்கிட்டு, 'வெயில் தாங்கல தாத்தா'ன்னு மூணு ஐஸ்கிரீம் வாங்குத.

நம்மூர் ஹாக்கியப் பாருலே. காலு மணிக்கூறு வீதம் நாலு தடவ, சோலி முடிஞ்சிரும். நம்மூர்ப் பய மாரீஸ்வரன் 2022-ல ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடுனான். அந்தப் பேரு ஒனக்குத் தெரியாது. ஆனா மஞ்சச் சட்டைக்காரன் வீட்டு நாய்க்குட்டி பேரு தெரியும். தோனி எறங்குனப்ப நான் எந்திரிச்சு விசில் அடிச்சேன்னு ஒங்கம்மாட்ட கோள் சொன்னியாம்லா? கால் மரத்துப் போச்சுலே, அதான் எந்திரிச்சேன். விசில் பக்கத்துச் சீட்டுக்காரன் அடிச்சது.

வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டல, நேர்ல பாத்த அதே மேட்ச டி.வி.யில போட்டுட்ட. நேர்ல சரியாத் தெரியலையாம். அந்தக் காலத்துல ஒருத்தன் மச்சுல நின்னு ஆண்டெனாவத் திருப்புவான். இலங்கை ரூபவாகினி விழுமான்னு கீழ பத்துப் பேரு காத்துக் கெடப்போம். 'தெரியுதா?'ம்பான் அவன். 'ஆளு தெரியுது, தல தெரியல'ம்போம் நாங்க. மச்சுல நின்னவன் ஒரு படமும் பாத்ததில்ல, பாவம். பாதி நாள் அது நாந்தான்.

பங்குனியில செண்பகவல்லி அம்மன் திருவிழா வருது. வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிரு. மேளம் இருக்கு, ராக்கூத்து இருக்கு, கடல மிட்டாயி நான் வாங்கித் தாரேன். லீவு கெடைக்கலன்னா பரவால்ல, ஒஞ் செல்லுல மேட்ச் பாக்கியே, அதுக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டாம்லா, அத மட்டும் ஒங்கம்மாட்ட சொல்லி வையி. சனிக்கிழமைக்குள்ள வேணும்.