நாலு கம்பிக்காரர்

சென்னையில் சனிக்கிழமை ராத்திரி ஏதாவது ஒரு காபிக் கடையின் மாடியில், சொந்தப் பாட்டு வாசிக்கும் சின்னக் குழு ஒன்று மேடையேறினால் நம்மவரைக் கண்டுபிடிப்பது சுலபம். நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பவர் பாடகர். ஒரு காலை ஸ்பீக்கர் மேல் தூக்கி வைத்து முகத்தை அஷ்டகோணலாக்குபவர் லீட் கிட்டார். பின்னால் வியர்த்து வழிபவர் டிரம்மர். டிரம்ஸுக்கும் சுவருக்கும் இடையே மிச்சமிருக்கும் ஒன்றரை அடியில், தலையை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர்தான் பேஸ் கிட்டார்காரர். காபி கொண்டுவரும் பையன் அவரைப் பார்த்து, "சார், கொஞ்சம் தள்ளுங்க, பேண்டு வாசிக்கறாங்க" என்று சொல்வதும் உண்டு.

பேஸ் கிட்டார்காரராக ஆகவேண்டும் என்று லட்சியத்தோடு யாரும் ஆவதில்லை. இன்ஜினியரிங் கல்லூரி ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து குழு ஆரம்பிக்கிறார்கள். ஒருவருக்கு டிரம்ஸ் தெரியும், மற்ற மூவருக்கும் கிட்டார்தான் தெரியும். "யாராவது ஒருத்தர் பேஸ் எடுக்கணும்டா" என்று பேச்சு எழும் நேரத்தில் எவர் டீ குடிக்கக் கீழே போயிருக்கிறாரோ அவர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். நம்மவர் திரும்பி வந்தபோது பதவி ஏற்பாடாகியிருந்தது. கொஞ்ச நாள் மனசு கஷ்டப்பட்டார். பிறகு எங்கேயோ படித்தார்: 1961-இல் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் பீட்டில்ஸை விட்டு விலகியதும், வேறு யாரும் முன்வராததால் பால் மெக்கார்ட்னி தலையில் பேஸ் வந்து விழுந்தது. அன்றிலிருந்து நம்மவர் "மாட்டிக்கிட்டேன்" என்று சொல்வதில்லை. "மெக்கார்ட்னியும் இப்படித்தான் ஆரம்பிச்சார்" என்கிறார்.

முதல் சம்பளத்தில் பேஸ் வாங்க அவர் போனது, அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கலுக்கு. 1842-இல் தொடங்கிய கடை. அவ்வளவு பழைய கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவான ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தார்.

"என்னப்பா, நாலு கம்பிதான் இருக்கு? ஆறு கம்பி வாங்கறதுக்குக் காசு பத்தலையா? சொல்லியிருந்தா அப்பாவைத் தரச் சொல்லியிருப்பேனே."

"இது வேற வாத்தியம்மா. கிட்டாரோட கீழ்க்கம்பி நாலையும் ஒரு ஸ்தாயி இறக்கினா வரதுதான் இது."

"ரொம்பவே இறக்கிட்டாங்க போலிருக்கு. ஒண்ணுமே கேக்கலையே."

கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த தாத்தா, விளக்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீ ஒத்து ஊதறவன்னு சொல்லு" என்று தீர்ப்பளித்தார். நம்மவருக்குச் சுருக்கென்றது. ஒத்து என்பது ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, தான் அப்படியா என்று வாதாடக் கிளம்பியவர், தங்கள் குழுவின் புதுப் பாட்டை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பல்லவி முழுக்க ஒரே 'ஈ'. தாத்தாவுக்கு வெந்நீர் கொண்டுவரப் போய்விட்டார்.

பேஸ் கம்பி விலை சாதாரணக் கிட்டார் கம்பியைப் போலப் பல மடங்கு. அறுந்து போகாது, ஆனால் விரல் வியர்வையும் அழுக்கும் ஏறி நாளடைவில் மந்தமாகிவிடும். புதுசு வாங்க மனசு வராதவர்கள் உலகம் முழுவதும் ஒரு வைத்தியம் செய்கிறார்கள். கம்பிகளைக் கழற்றித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துத் துடைத்து மாட்டினால் கொஞ்ச நாளைக்கு மறுபடி கணீரென்று பேசும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பில் ஆவி பறப்பதைப் பார்த்த அம்மா, பிள்ளை இடியாப்பம் செய்கிறான் என்று பூரித்துப்போய் மூடியைத் திறந்தார். அன்றைக்கு நடந்ததை விவரிக்க வேண்டாம். மறுநாள் நம்மவருக்கென்று ஒரு பழைய அலுமினியப் பாத்திரம் தனியாக ஒதுக்கப்பட்டு, குளியலறை மாடத்தில் வைக்கப்பட்டது. அவருடைய சங்கீதத்துக்கு வீடு தந்த முதல் அங்கீகாரம் அது.

அக்கம்பக்கத்தாரின் அங்கீகாரம் வேறு விதம். உயர்ந்த ஒலியைச் சுவர் தடுத்துவிடும்; தாழ்ந்த ஒலி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். மேல்வீட்டு மாமா ஒருநாள் கதவைத் தட்டி, "ஒரு மணி நேரமா மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு தம்பி, டேங்க் ரொம்பியிருக்கும், ஆஃப் பண்ணிடுங்க" என்றார். நம்மவர் மறுபேச்சுப் பேசாமல் ஆம்ப்ளிஃபையரை ஆஃப் செய்தார். மாமாவும் திருப்தியாக மாடியேறிப் போனார்.

ஒத்திகை, ஊருக்கு வெளியே மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஜாம் ரூமில். பேஸ் ஏறக்குறைய நாலடி நீளம். முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தால் அதன் கழுத்து ஹெல்மெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். தாழ்வான மரக்கிளைகள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன என்பது மாநகராட்சியைவிட நம்மவருக்கு நன்றாகத் தெரியும். மழை நாளில் மின்சார ரயில். எதிர்சீட்டுப் பெரியவர் கட்டாயம் விசாரிப்பார்.

"கிட்டாரா தம்பி? எந்தப் படத்துல வாசிச்சிருக்கீங்க?"

"படத்துல இல்லை சார். நாங்களே சொந்தமாப் பாட்டு போடறோம்."

"அடடா. சரி, கவலைப்படாதீங்க. சீக்கிரமே சான்ஸ் கிடைக்கும்."

சான்ஸ் கிடைத்த நாளில் என்ன நடக்கிறது? கச்சேரிக்கு முன்னால் சவுண்ட் செக். முதலில் டிரம்ஸ், பிறகு பேஸ், பிறகு கிட்டார், கடைசியில் குரல் என்பது வழக்கம். டிரம்ஸின் ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாகத் தட்டச் சொல்லிக் கேட்கும் சவுண்ட் இன்ஜினியர், "பேஸ் குடுங்க" என்பார். நம்மவர் 'டும்' என்று ஒன்று கொடுப்பார். "போதும், தேங்க்யூ." அதற்கப்புறம் பாடகரின் "செக், செக், ஒன், டூ" அரை மணி நேரம். "மானிட்டர்ல நான் கேக்கவே இல்லை சார்" என்று நம்மவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், "வெளியில சூப்பரா இருக்கு தம்பி" என்று பதில் வரும். வெளியில் போய்க் கேட்க அவருக்கு வழியில்லை என்பது இன்ஜினியருக்கும் தெரியும்.

கூட்டத்தில் பாதிப் பேர் அடுத்து வாசிக்கக் காத்திருக்கும் குழுக்காரர்கள், மீதிப் பேர் அவர்களை வண்டியில் கொண்டுவந்து விட்டவர்கள். சித்தப்பா பையன் செல்போனில் முழுக் கச்சேரியையும் படம் பிடித்துவிடுகிறான். பேஸின் அடிக்கம்பியைச் சும்மா தட்டினால் எழும் நாதம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப செல்போன் ஸ்பீக்கரால் முடியாது. ஆக வீடியோவில் பாடகர் பாடுகிறார், கிட்டார் அலறுகிறது, நம்மவர் விரல்கள் மட்டும் மௌனமாக அசைகின்றன. "அண்ணா, நீங்க சும்மா ஆக்ட் குடுத்தீங்களா?" என்கிறான் பையன். நம்மவர் அசரவில்லை. 1988-இல் வந்த மெட்டாலிகாவின் ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸே காதில் விழாத அளவுக்கு அமுக்கப்பட்டதைச் சொல்லி, அந்த வரிசையில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார்.

இவ்வளவையும் கேட்டு, ஐயோ பாவம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். இந்த மனிதர் அடக்கமானவர் இல்லை. குழுவிலேயே தலைக்கனம் அதிகம் உள்ளவர் இவர்தான். அதை அடக்கம் என்ற உறைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு திரிகிறார். காரணம், அவருக்கு ஒரு ரகசியம் தெரியும். கிட்டார்காரர் சந்தோஷமாக 'சி மேஜர்' மீட்டுகிறார் என்று வையுங்கள். அடியில் பேஸும் 'சி' வைத்தால்தான் அது சி மேஜர். பேஸ்காரர் 'ஏ' வைத்தால், கிட்டார்காரர் ஒரு விரலைக்கூட நகர்த்தாமலே மொத்தமும் 'ஏ மைனர் செவன்' ஆகிவிடும். கல்யாணப் பாட்டு கண்ணைத் துடைக்கும் பாட்டாக மாறிவிடும். பெட்ரோல் காசைப் பங்கு போடுவதில் கிட்டார்காரரோடு தகராறு வந்த ஒரு நாளில் நம்மவர் இதைச் செய்தும் காட்டினார். "என்னவோ இடிக்குதே, உன் கிட்டார் சுருதி விலகியிருக்கு பார்" என்று பாடகர் கிட்டார்காரரைத்தான் முறைத்தார். நம்மவர் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இந்த ரகசிய ஞானம் ஏறியபின் அவரோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்பது ஆபத்து. டீக்கடையில் 'பயணங்கள் முடிவதில்லை' படத்து 'இளைய நிலா' ஒலித்தால் ஊரே கிட்டாரைக் கேட்டுக் கிறங்கும். இவர் மட்டும் உங்கள் கையைப் பிடித்து அழுத்தி, "அதை விடு, கீழே பார், கீழே பார்" என்பார். கீழே தரையைப் பார்க்கக்கூடாது. இளையராஜாவின் குழுவில் பேஸ் வாசித்த சசிதரனைக் கவனிக்க வேண்டும். அதே 1982-இல் வந்த 'பனிவிழும் மலர்வனம்' ஆரம்பித்துவிட்டாலோ டீ ஆறிப்போகும். குரல் ஒரு பக்கம் போக, பேஸ் தனக்கென்று ஒரு மெட்டைக் கட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் போவதை வாயாலேயே வாசித்துக் காட்டுவார். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எழுந்து போவார்கள். அவர் சொல்வது நியாயம்தான் என்பதுதான் கொடுமை. ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு அந்தப் பாட்டைப் பழையபடி கேட்க உங்களால் முடியாது.

புகழ் வேண்டாம் என்பதற்கு அவர் கையில் ஒரு குலதெய்வமும் உண்டு: டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சன். மோடவுன் நிறுவனத்தின் எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் பேஸ் வாசித்தவர். அந்த நாளில் இசைத்தட்டு உறையில் வாத்தியக்காரர்களின் பெயர் போடும் பழக்கம் அங்கே இல்லை. 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான் ஜேமர்சனின் பெயர் உறையில் ஏறியது. நம்மவர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஆனால் தங்கள் குழுவின் போஸ்டரில் தன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதற்கு, அச்சடித்தவரோடு பேச்சுவார்த்தை அத்தோடு நின்றுபோயிற்று.

கடைசியில் ஒரு நாள் கிட்டார்காரர் மேல்படிப்புக்கு ஜெர்மனி போவார், பாடகருக்குக் கல்யாணமாகும், குழு கலையும். நம்மவருக்குக் கவலையில்லை. கிட்டார்காரர்கள் தெருவுக்கு ஒருவர், பேஸ்காரர்களுக்கோ எப்போதும் பஞ்சம். இப்போதே மூன்று குழுக்களில் வாசிக்கிறார். ஒரு குழுவுக்குத் தெரியாமல் இன்னொன்றில். கூடுதல் ஒயர், ஒன்பது வோல்ட் பேட்டரி, இன்சுலேஷன் டேப், டிரம்மர் மறந்துவிட்டு வந்த சாவி எல்லாம் அவர் பையில் இருக்கும். ஜாம் ரூமுக்கு முன்பணம் கட்டுவதும், கடைக்காரரிடம் பாக்கியை வசூலிப்பதும், ராத்திரி டிரம்மரை வீட்டில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். ராஜா மாறுவார், மந்திரி மாறுவார், கணக்குப்பிள்ளை மட்டும் அப்படியே இருப்பார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு சின்னக் குழுவின் கச்சேரிக்குப் போனால், முடிந்ததும் எல்லோரும் பாடகரோடு செல்ஃபி எடுக்கும் நேரத்தில், ஓரமாக ஒயர் சுற்றிக்கொண்டிருப்பவரிடம் போய் "பேஸ் நல்லாக் கேட்டுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வருஷத்துக்குத் தாங்கும். ஆனால் "இது என்ன மாடல்?" என்று மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதீர்கள். 1951-இல் லியோ ஃபெண்டர் என்பவர் கலிஃபோர்னியாவில், என்று ஆரம்பித்துவிடுவார். கடைசி ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது.